ஓட்டேரியில் கைகொடுத்த அண்ணனுக்கு

அண்ணே, போன சனிக்கிழமை ஓட்டேரியில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். அப்பாவின் வண்டி, 1994 மாடல். ஒன்பது வருஷம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. பெரம்பூரிலிருந்து, மெக்கானிக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை வரை தள்ளியே போய்விடலாம் என்று நினைத்தது என் புத்திசாலித்தனம்.

காய்கறி மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் வந்த நீங்கள், டேங்க் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தீர்கள். “சார், இது பெட்ரோல் இல்ல, வார்னிஷ்!” அப்புறம் பிளாட்பாரத்திலேயே கார்ப்பரேட்டரைக் கழற்றினீர்கள். அதற்குள் பெட்ரோல் போகும் சின்னக் குழலான பைலட் ஜெட்டின் ஓட்டை பிசின் பிடித்து அடைத்திருந்தது. நான் ஊசி தேடினேன். “ஊசி விட்டா ஓட்டை பெருசாயிடும்” என்று சொல்லி, பழைய ஒயரை உரித்து ஒற்றைச் செம்பு இழையை உள்ளே விட்டுச் சுழற்றினீர்கள். ஊதிவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்தபோது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்ததே, அதை மறக்க மாட்டேன்.

பழையதைக் கொட்டிவிட்டு உங்கள் வண்டியிலிருந்தே அரை லிட்டர் கொடுத்தீர்கள். இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப்பில் காற்று இருக்கும் என்று, அந்தப் பெட்ரோலிலேயே கொஞ்சம் 2டி ஆயிலையும் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலக்கச் சொன்னீர்கள். பதினோராவது கிக்கில் வண்டி உயிர் பெற்றது. புகையில் டீக்கடையே காணாமல்போய், மாஸ்டர் திட்டினார்.

காசு நீட்டினால், “காய் வாடுது சார்” என்று கிளம்பிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

பிரேக் ஷூ மாற்றியாச்சு. ஆர்சி புதுப்பிக்கும் அலைச்சல் தனிக்கதை. உங்கள் மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவர் என் பையிலேயே வந்துவிட்டது. அதே டீக்கடையில் கொடுத்துவைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்ப நன்றி அண்ணே.