செல்விக்கு, அப்பா எழுதுவது

கே.கே. நகர், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அம்மாடி செல்வி,

மணி வெள்ளிக்கிழமை சார்ஜா கிளம்புகிறான். பையில் இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான், அவ்வளவுதான். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், மணப்பாறை முறுக்கு என்று அம்மா மூட்டையே கட்டிவிட்டாள். முறுக்கு நொறுங்கியிருந்தால் அவனைத் திட்டாதே. இந்தக் கடிதமும் அதோடு வரும். போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். இப்போதெல்லாம் அதுவும் இல்லை, அம்மாவுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது.

இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மா வீட்டு விவகாரம் நீ சொன்ன மாதிரியேதான் முடிந்தது. கீழ் போர்ஷனுக்கு ஆள் வந்தாச்சு. மற்றதெல்லாம் மணி சொல்வான்.

ஆகஸ்டில் ஒரு நாள் நீயே கூப்பிட்டு, ஒரு போயிங் 737 விமானத்தின் முன் சக்கர விளக்கைப் பற்றிச் சொன்னாயே, அது என் மண்டையை விட்டுப் போகவே இல்லை. கியர், அதாவது சக்கரங்கள், மேலே போய்ப் பூட்டியதும் காக்பிட்டில் விளக்கு எல்லாம் அணைந்துவிட வேண்டும். முன் சக்கரத்துச் சிவப்பு மட்டும் அணையாமல் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக அணைகிறது என்றாய். இறங்கியதும் ஜாக்கில் ஏற்றி, எண்ணெய் அழுத்தம் கொடுக்கிற ஹைட்ராலிக் வண்டியை மாட்டி மேலே கீழே ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விமானத்தின் பதிவேட்டில், அந்த டெக் லாக்கில், "தரையில் சோதித்தோம், சரியாக உள்ளது" என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டு நாளில் மறுபடி அதே விளக்கு. யாருடைய விமானம் என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதாதே. அடுத்த தடவை விமானம் பறக்கலாம் என்று யார் கையெழுத்து போட்டது என்று கேட்க வாயெடுத்தேன். நீ "அப்புறம் பேசறேன்ப்பா" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

தரையில் சோதித்தோம், சரியாக உள்ளது. ஏர் ஃபோர்ஸ் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த வாக்கியம் அது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி போய்விடுகிற கதைதான். ஜாக்கில் நிற்கிற விமானத்தின் மேல் காற்று அடிப்பதில்லை, அது அதிர்வதில்லை, குளிர்வதும் இல்லை. உங்கள் ஊரில் தரையில் 45 டிகிரி கொதிக்கும். 35,000 அடியில் மைனஸ் 50-க்கும் கீழே. கனெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் கீழே அது தண்ணீர், மேலே பனிக்கட்டி. இறங்கி வந்து நீ டார்ச் அடித்துப் பார்க்கும்போது அது ஆவியாகவே போயிருக்கும். சக்கரம் பூட்டியதா என்று பார்க்கிற சென்சாருக்கும் எதிரில் வருகிற தகட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு அளந்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வயர் கட்டு சக்கரத்துக் காலோடு, அந்த ஸ்ட்ரட்டோடு, மடங்கி நிமிர்கிற இடத்தில், கிளாம்ப்புக்கு அடியில், உறை உரசி உரசி உள்ளே செம்பு தெரியலாம். கிளாம்ப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. காக்பிட்டில் ஒருவரை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி, ஹெட்செட்டில் பேசிக்கொண்டு, வயரை ஜாண் ஜாணாக அசைத்துக்கொண்டே போ. கனெக்டரைக் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பார். சென்சாரை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போகாதே. பாதி நேரம் கழற்றிய சென்சார் பழுதே இல்லை என்று பட்டறையிலிருந்து திரும்பி வரும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். லைசென்ஸ் உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. நான் கடைசி வரைக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்தான். நீ சக்கரம் மடங்கி உட்காருகிற வீல் வெல்லுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவை பால்காரர் வரைக்கும் காட்டியாச்சு. பாப்பா உள்ளே மாட்டிக்கிச்சா என்று கேட்டார் அவர்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். எங்கள் ஏர் ஃபோர்ஸ் ஏ.என்.-32 விமானத்தில் ஹைட்ராலிக்குக்குச் சிவப்பு எண்ணெய், கையில் பட்டால் துணியில் துடைத்தால் போச்சு. உங்கள் ஊதா ஸ்கைட்ரால் எண்ணெய் அப்படி இல்லை, கண்ணில் ஒரு சொட்டு பட்டால் துடித்துப்போவாய். கசிவு தேடும்போது விரலை வைத்துத் தடவாதே. 3,000 பி.எஸ்.ஐ.-யில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீச்சுவது கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும் முன், அது மடங்காமல் தடுக்கிற லாக் பின் இருக்கிறதா என்று நீயே கையால் தொட்டுப் பார், மாட்டிவிட்டேன் என்று எவன் சொன்னாலும்.

2024 ஆயுத பூஜை அன்று, அக்டோபர் 11, இங்கிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறில் நம் தலைக்கு மேலேயே சுற்றியதே, அன்று நடந்த எல்லாவற்றையும் நான் உனக்குச் சொல்லவில்லை. என் ஸ்பானர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்து முடித்த நேரம். தெருவே மொட்டை மாடியில். "சார், நீங்க ஏர் ஃபோர்ஸ்தானே, என்ன சார் ஆகும்?" என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாத்தியார் மாதிரி விளக்கினேன். 737-இல் ஏ, பி என்று இரண்டு ஹைட்ராலிக் சிஸ்டம், அதற்கு மேல் ஸ்டாண்ட்பை ஒன்று. கியர் ஏ-யில் ஓடுகிறது. அது போனால் காக்பிட் தரையில் மூடிக்கு அடியில் மூன்று கைப்பிடி இருக்கிறது, இழுத்தால் பூட்டு விடுபடும், சக்கரம் தன் கனத்திலேயே இறங்கிவிடும். அந்த விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்ட வழி இல்லை, அதனால் சுற்றித்தான் தீர்க்க வேண்டும், பயப்படாதீர்கள் என்றேன். சுமார் 140 பேர். எட்டு மணிக்கு மேல் நல்லபடியாக இறங்கியது, கீழே பட்டாசு வெடித்தார்கள்.

அந்த இரண்டரை மணி நேரமும் விமானியைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. காலையில் அதற்குக் கையெழுத்து போட்டது யாரோ, அந்தப் பிள்ளை இப்போது எங்கே எந்த டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறதோ என்றுதான் ஓடியது. அவர் தப்பு செய்தார் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் பார்த்துக் கையெழுத்து போட்ட பிறகும் குழாய் போகும், சீல் போகும். ஆனாலும் அந்த ஆள் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நீ சாப்பிடுகிறாயா? கடைசியாகப் பார்த்த வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது என்று அம்மா சொல்கிறாள்.

மணியும் அவளிடம் என்னவோ சொன்னானாம். செல்வி இப்போது ஹேங்கரில் இல்லை, ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று. நான் அதைக் காதில் வாங்கவில்லை. நீ சொல்லாததை இன்னொருவன் வாயால் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை. பொங்கலுக்குக்கூட நீ கூப்பிடாதபோது இதை எப்படிச் சொல்வாய் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஒரு எம்.டி.-83 விமானம். வாலில் இருக்கிற ஸ்டெபிலைசரை ஏற்றி இறக்குகிற பெரிய திருகாணி ஜாக்ஸ்க்ரூ, அது நட்டுக்குள் எவ்வளவு ஆடுகிறது என்ற ஆட்டத்தை 1997 செப்டம்பரில் அளந்தார்கள். 0.040 அங்குலம் வரைக்கும் இருக்கலாம், அளவு சரியாக அந்த 0.040-லேயே நின்றது. இரவு ஷிஃப்ட்டில் இருந்த மூத்த மெக்கானிக் நட்டை மாற்ற வேண்டும் என்று எழுதினார். சில நாளில் இன்னொரு ஷிஃப்ட்டில் திரும்ப அளந்தார்கள். 0.033. ஐந்து தடவை பார்த்தும் அதே. மாற்ற வேண்டாம் என்று விமானத்தை அனுப்பிவிட்டார்கள். 2000 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியாவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது, 88 பேரும் போனார்கள். கிரீஸ் போதாமல் நட்டின் மரை முழுக்கத் தேய்ந்து சுருண்டு வந்திருந்தது. அலாஸ்கா 261 என்று தேடினால் முழு அறிக்கையும் கிடைக்கும். இரண்டாவதாக அளந்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவர்கள் கண்ணில் அந்த அளவுதான் தெரிந்திருக்கும். முதலில் எழுதிய மனுஷரைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். அன்றைக்கு ஹேங்கரில் அவருக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

அதனால் சொல்கிறேன். நீ அந்த விளக்குக்குக் கையெழுத்து போட மாட்டேன் என்றிருந்தால், அதற்காக உன்னை ஆபீஸில் உட்கார வைத்திருந்தால், உட்கார். ஏ.சி. இருக்கும், நாற்காலி இருக்கும். கடன் பாக்கியை நினைத்துப் பயப்படாதே, என் பென்ஷன் வருகிறது, கீழ் வீட்டு வாடகை வருகிறது. கையெழுத்து போட்டிருந்தால், அதையும் என்னிடம் சொல். நான் கத்த மாட்டேன். கொஞ்சம் கத்துவேன், அப்புறம் அடங்கிவிடுவேன். அந்த விமானம் இன்னும் பறக்கிறது என்றால் இன்றைக்கே ரிப்போர்ட் எழுது. பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கவும் வழி இருக்கிறது, அதைப் பரீட்சைக்குப் படித்தவள் நீ. மேலே இருப்பவன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

இரண்டும் இல்லை, வேறு ஏதோ காரணம் என்றால், ஒரு கிழவன் தேவையில்லாமல் நாலு பக்கம் எழுதினான் என்று சிரித்துவிட்டு முறுக்கைச் சாப்பிடு.

பதில் பெரிதாக வேண்டாம், உனக்கு நேரம் இருக்காது. அந்த விளக்கு மறுபடி எரிந்ததா, வயரைப் பிரித்துப் பார்த்தார்களா, கடைசியில் யார் போட்டது. இவ்வளவு எழுதினால் போதும். மணி திரும்பி வர மாசம் ஆகும், அதனால் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பு. கட்டைவிரல் படம் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா

ஊறுகாய் ஜாடி அம்மாவுடைய பழைய ஜாடி. மூடியை இறுக்கித் திருகாதே, மரை போய்விட்டது. ஜாடியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள்.