எத்தனை பேரை வைத்துச் சொன்ன 0.65?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதற்கும் அதற்கும் 'வலுவான தொடர்பு' என்று சொல்லும் செய்திகளை அடிக்கடி படிக்கிறேன். எத்தனை பேரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்பது பல நேரம் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. முப்பது வருடம் புள்ளியியல் பாடம் எடுத்தவன் என்பதால் மனசு கேட்கவில்லை.

போன மாதம் என் பேத்தி, பள்ளிச் செயல்திட்டத்துக்காகத் தோழிகள் 8 பேரின் தூங்கும் நேரத்தையும் கணக்கு மதிப்பெண்ணையும் குறித்துக்கொண்டு வந்தாள். ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று மைனஸ் 1-லிருந்து 1 வரை காட்டும் எண், 0.65. 'நன்றாகத் தூங்கினால் நல்ல மார்க்' என்று அட்டையில் பெரிதாக எழுதியும் விட்டாள். "0.65 பெரிசுதானே தாத்தா?" என்றாள். 8 பேருக்கு அது போதாது என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

சூத்திரத்தைத் தொடாமல் சீட்டு எழுதச் சொன்னேன். 8 மதிப்பெண்களையும் 8 சீட்டில் எழுதிக் குலுக்கி, தூக்க நேரங்களுக்கு எதிரே வந்தது வந்தபடி வைக்க வேண்டும். யாருடைய மார்க் யாருக்குப் போனது என்றே தெரியாது. ஆகவே தூக்கத்துக்கும் மார்க்குக்கும் இனி எந்த உறவும் கிடையாது. ஆனாலும் கெழு பூஜ்யமாக வராது. ஒரு தடவை 0.2 வரும், அடுத்த தடவை மைனஸ் 0.4 வரும். உறவே இல்லாதபோதும், 8 பேர் மட்டும் என்றால், 100 குலுக்கலுக்கு ஏறக்குறைய 8 தடவை கெழு பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ 0.65-ஐத் தொட்டுவிடும். இப்படித் தற்செயலாக வருவதை நாம் வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 100-க்கு 5 தடவை வரைதான்.

அப்புறம் கணக்கைக் காட்டினேன். எண்ணிக்கையில் 2 குறைத்து வர்க்கமூலம் எடுத்து, அதைக் கெழுவால் பெருக்க வேண்டும். 1-லிருந்து கெழுவின் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2.1. அந்த 100-க்கு 5 என்ற நிலையில், விடை தாண்ட வேண்டிய அட்டவணை மதிப்பு 2.447. தேறவில்லை. இதே 0.65 என்ற கெழு 30 பேரிடம் கிடைத்திருந்தால் விடை 4.5, அட்டவணை மதிப்பு 2.048, தாராளமாகத் தேறியிருக்கும். டப்ளின் நகரில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் எழுதியதிலிருந்து வளர்ந்த சோதனை இது. அவர் கையில் இருந்ததும் சின்னச் சின்ன மாதிரிகள்தான்.

தேறவில்லை என்றால் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. 8 பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பேத்தி இப்போது மற்ற பிரிவுப் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எண்ணிக்கை மிகப் பெரிதானால் வேறு சிக்கல். 1000 பேர் இருந்தால் 0.07 கூடத் தேறிவிடும். ஆனால் அந்தத் தொடர்பு விளக்குவது மொத்த வேறுபாட்டில் அரை சதவீதத்தைத்தான். சோதனையில் தேறியதைச் சொல்லும் 'குறிப்பிடத்தக்கது' என்ற சொல்லைப் பார்த்ததும் 'பெரியது' என்று தலைப்பிட்டுவிடக் கூடாது.

தேறியபிறகும் நிதானம் வேண்டும். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் 23 நாடுகளின் சாக்லேட் நுகர்வையும், மக்கள்தொகை விகிதத்தில் எத்தனை பேர் நோபல் பரிசு வாங்கினார்கள் என்பதையும் ஒப்பிட்டார் ஃப்ரான்ஸ் மெஸ்ஸெர்லி. கெழு 0.791. 23 நாடுகள் என்றால் தேறுவதற்கு 0.413 இருந்தாலே போதும். சோதனையில் பிரமாதமாகத் தேறிய எண் அது. ஆனால் வசதியான நாடுகள் சாக்லேட்டும் வாங்குகின்றன, ஆராய்ச்சிக்கும் செலவழிக்கின்றன. பரிசு வாங்கியவர் சாக்லேட் சாப்பிட்டாரா என்பது அந்தப் புள்ளிகளில் எங்கும் இல்லை.

உங்கள் இதழில் இனி இப்படிச் செய்தி வரும்போது, கெழுவுக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் என்பதையும், சோதனையில் தேறியதா என்பதையும் ஒரே வரியில் போடுங்கள். இடம் இருந்தால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் அந்தச் சின்னப் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்