சான்காயில் கிடக்கும் கோவடோங்கா

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த போர்ட் பெருவில் சான்காய் என்று மெசேஜ் போட்டிருந்தாய். 2024-இல் திறந்த புதுத் துறைமுகம். நான் கப்பலில் ஓடிய காலத்தில் அந்தப் பக்கம் எங்களுக்கு வேலையே கிடையாது. ஆனால் அங்கே தண்ணீருக்கடியில் கிடக்கும் ஒரு கப்பலின் கதை எனக்குத் தெரியும். நீயும் இன்ஜின் ரூம் ஆள்தானே, கேள்.

கோவடோங்கா. ஸ்பெயின் கடற்படையின் சின்ன ஸ்கூனர், பாயும் உண்டு, நீராவி இன்ஜினும் உண்டு. பெருவின் சின்சா தீவுகளில் பறவை எச்சம் மலைமலையாய்க் கிடக்கும், உரத்துக்கு நல்ல விலை. 1864-இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைப் பிடிக்க, அதில் மூண்ட பகை மறுவருடம் சிலியையும் இழுத்துவிட்டது. எச்சத்துக்காக ஒரு போர்!

1865 நவம்பர் 26. சிலியின் கோகிம்போ துறைமுகத்திலிருந்து வால்பரைசோ துறைமுகத்துக்கு கோவடோங்கா தனியாக வருகிறது. பப்புடோ அருகே எதிரே ஒரு கப்பல், பிரிட்டிஷ் கொடியோடு. நெருங்கியதும் அந்தக் கொடி இறங்கி சிலிக் கொடி ஏறுகிறது, பீரங்கி முழங்குகிறது. அது சிலியின் எஸ்மரால்டா. கேப்டன் ஹுவான் வில்லியம்ஸ். கொஞ்ச நேரத்தில் கோவடோங்கா சரணடைந்துவிட்டது. அந்தக் காலத்தில் இது ஒப்புக்கொண்ட தந்திரம்தான். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

இனிதான் நம் ஆட்கள் வருகிறார்கள். கப்பல் எதிரி கைக்குப் போகக்கூடாதென்று ஸ்பானியர்கள் அடித்தட்டு வால்வுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். சிலிக்காரர்கள் ஏறும்போது உள்ளே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. இன்ஜினியர்கள்தான் கீழே இறங்கி அடைத்தார்கள். முன்பின் பார்க்காத கப்பல், எந்த பைப் எங்கே போகிறதென்று தெரியாது. டிராயிங் கையில் இருந்தும் பில்ஜ் லைனை, அதான் கப்பலின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் குழாயைத் தேடி நாம் படும் பாட்டை நினைத்துப் பார்! சேதி கேட்ட ஸ்பானிய அட்மிரல் பரேஹா தன் அறையில் சுட்டுக்கொண்டு செத்தார்.

1879-இல் சிலிக்கும் பெருவுக்கும் போர். மே 21 அன்று பெருவின் இகிகே துறைமுகத்தை முற்றுகையிட்டு நின்ற இரண்டு பழைய கப்பல்கள் எவை தெரியுமா? பிடித்த எஸ்மரால்டாவும் பிடிபட்ட கோவடோங்காவும்தான். எதிரே பெருவின் இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டு. ஹுவாஸ்கார் எஸ்மரால்டாவை முட்டியே மூழ்கடித்தது. கோவடோங்காவின் கேப்டன் கோண்டெல், பப்புடோவில் எஸ்மரால்டாவில் இருந்த இளம் அதிகாரி, கரையை ஒட்டித் தெற்கே ஓட்டினார். அவர் கப்பலுக்கு ஆழமில்லாத தண்ணீரே போதும். துரத்திவந்த இண்டிபெண்டென்சியா பாறையில் ஏறி நின்றுவிட்டது.

அப்படித் தப்பிய கப்பல் கடைசியில் போனது ஒரு படகால். 1880 செப்டம்பர் 13, சான்காய் முன்னால் ஆளில்லாமல் ஒரு அழகான படகு. சோதித்தும் பார்த்தார்களாம். படகு தூக்கும் டேவிட்டில் மாட்டித் தூக்க, கயிறு இறுகியதும் உள்ளே பெருக்காரர்கள் மறைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது, கேப்டன் பாப்லோ தே ஃபெராரியும் போய்விட்டார். இரண்டு மாதம் முன்புதான் பெருவின் கய்யாவோ துறைமுகத்தில் காய்கறி, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய படகு ஒன்றை எடுக்கப்போய் சிலியின் லோவா கப்பல் இதேமாதிரி வெடித்திருந்தது. அதற்குப் பிறகும் ஒரு படகுக்கு ஆசைப்பட்டவர்களை என்ன சொல்வது!

கரையிறங்க ஷோர் லீவ் கொடுத்தால் ஊருக்குள் வயசான மீனவர் யாரிடமாவது விசாரித்துப் பார். கோவடோங்கா என்று பெயரைச் சொல், தெரிந்தவர்கள் இருந்தால் கிடக்கும் இடத்தைக் கை காட்டுவார்கள். போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா