பேசும் காரை ஏளனம் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய ஆங்கிலத் தொடர்களைக் 'காதில் பூச்சுற்றும் வேலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசும் கார் ஒன்று வரும் 'நைட் ரைடர்' தொலைக்காட்சித் தொடரையும் அதில் சேர்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

1982இல் தொடங்கிய அத்தொடரில் வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதாநாயகன் டேவிட் ஹாசல்ஹோஃப் கைமணிக்கூட்டில் அழைத்ததும், சிவப்பு விளக்கு இடம் வலமாக ஓட, அந்தக் கறுப்பு பொன்ரியாக் கார் தானாகவே வந்து நிற்குமே! ஆளில்லாமல் ஓடுவதாகக் காட்ட, இருக்கையின் உறைக்குள் சாரதியை ஒளித்து வைத்து ஓட்டினார்கள். கணினி வித்தை அல்ல, மனித உழைப்பு. காருக்குக் குரல் கொடுத்த வில்லியம் டானியல்ஸ் தம் பெயரைத் திரையில் போடவே விடவில்லை. அந்தக் குரலின் கண்ணியமும் செல்லக் கோபமும் இன்றைய தொடர்களில் எந்தக் கதாநாயகனுக்கு வாய்த்திருக்கிறது?

பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் நெருக்கியடித்து அதைப் பார்த்தோம். ஆங்கிலம் பாதி புரியாது. கார் பாய்வது புரியும். எனக்கு இயந்திரங்களில் பைத்தியம் பிடித்தது அங்கேதான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஒஸ்ரின் ஏ40 கார்களோடு நான் சலிக்காமல் மல்லுக்கட்டியதற்கும் அந்தப் பைத்தியமே காரணம்.

இத்தகைய தொடர்களைப் பற்றி வாசகர்கள் எழுத ஞாயிறு இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் கட்டுரையை நானே அனுப்புகிறேன்.

மோட்டார் திருத்துநர் ஒருவர்,
கொக்குவில்.