மழை நாளில் சாப்பாட்டு மணி

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். நான் நலம்தான், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

பேத்தி சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள், பசியே இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே, மழை நாட்களில்தான் இப்படி என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் குறை பிள்ளையின் வயிற்றில் இல்லை. வகுப்பறையில் சாப்பிடக் கூடாது, எல்லோரும் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும் என்கிற அந்த விதியில்தான் இருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியிலும் இதே விதிதான். ஒரு மழை நாளில் முதல் வகுப்புப் பையன் ஒருவன் சாரலுக்கு முதுகைக் காட்டி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். விரல் விறைத்துப்போய் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன். அவன் நாலு வாய் சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிட்டது. உள்ளே சாப்பிட விடலாமே என்று கேட்டதற்கு, தரை அழுக்காகும், எறும்பு வரும் என்றார்கள். ஒரு துடைப்பமும் ஈரத் துணியும் போதுமே! அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பெரியவர்கள் நமக்குக் கொஞ்சம் குளிர்கிறது என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகமாகவே குளிரும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலின் பரப்பு அதிகம், உடல் சூடு சீக்கிரம் போய்விடும். துணி நனைந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மத்தியானம் நனைந்த பிள்ளை மாலை வரை அந்த ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

கடும் வெயிலும் இப்படித்தான். வெந்த தரையில் உட்காரவைத்தால் பசி அடங்கிவிடும். சமைத்த உணவும் 32 டிகிரிக்கு மேல் சூடு அடிக்கிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பது நல்லதல்ல. அதனால் டப்பாக்களை வைக்கும் இடத்தையும் பார்க்கச் சொல்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறாய் அல்லவா? நேரத்தைப் பற்றி அவசியம் பேசு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், உட்கார்ந்த பிறகு சாப்பிட மட்டுமே குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறது. கை கழுவ, வரிசையில் நிற்க, இடம் தேட ஆகும் நேரம் இதில் சேராது. மழை நாளில் அந்த வேலைகளே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அப்புறம், இன்றைக்கு உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்கிற உரிமை வகுப்பு ஆசிரியருக்கு இருக்கட்டும். பிள்ளைகள் நடுங்குவதை முதலில் பார்ப்பது அவர்தானே. இடி இடித்தால் மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே விடக் கூடாது.

நீ நிதானமாகப் பேசுகிறவள், உன் பேச்சைக் கேட்பார்கள். அதுவரை பேத்தியின் பையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்து அனுப்பு, எளிதில் திறக்கிற டப்பாவாகவும் பார்த்துக் கொடு. மத்தியானம் அவள் எங்கே உட்காருகிறாள், யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி