லைப்ரரி எப்படி என்று கேட்டீர்களே, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். அங்கே உங்கள் பிரஷர், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கின்றன? போன வாரம் போனில் “அங்க லைப்ரரி எப்படிம்மா?” என்று கேட்டீர்கள். காலமெல்லாம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவருக்குப் போனில் ரெண்டு வார்த்தை சொன்னால் போதாது. அதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலை. கண்ணுக்கு எட்டியவரை சோளம், சோயா. பஸ் என்பதே கிடையாது. நூலகம் நடக்கிற தூரம்தான், ஆனால் சாலையில் நடந்து போனால் காரை நிறுத்தி “உதவி வேணுமா?” என்று கேட்கிறார்கள். நடப்பவர்களைப் பார்த்து அவ்வளவு நாளாகிவிட்டது போலிருக்கிறது!

உறுப்பினராகக் கட்டணம் இல்லை, காப்புத்தொகையும் இல்லை. இந்த ஊர் முகவரிக்கு அத்தாட்சி மட்டும் வேண்டும். கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் உங்கள் மாப்பிள்ளை பெயரில் இருக்கின்றன. நூலகர் அம்மா, என் பெயருக்கு ஏதாவது தபால் வந்திருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்த உங்கள் கடித உறையைக் காட்டினேன். தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். தாமதமானால் அபராதம்கூடக் கிடையாது. அப்புறம் புத்தகம் எப்படித் திரும்பி வரும் என்பீர்கள். வருகிறது அப்பா. தொலைத்தால்தான் விலை கட்ட வேண்டும்.

ஆனால் இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் புத்தகத்துக்கு வருவதில்லை. பண்ணை வீடுகளில் இன்டர்நெட் சரியாக வராது. அதனால் கையடக்க வைஃபை பெட்டியை இரவல் கொடுக்கிறார்கள். அதற்குக் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறது. நூலகம் பூட்டிய பிறகும் வைஃபையை அணைப்பதில்லை. ராத்திரியில் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேலை போனவர் விண்ணப்பம் போட வருவார், கிழவர் ஃபேக்ஸ் அனுப்ப வருவார், ஏப்ரல் வந்தால் வருமானவரிப் படிவத்துக்கு ஒரு கூட்டம். நம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் செய்கிற வேலைதான் நூலகருக்குப் பாதி நாள், என்ன, காசு வாங்குவதில்லை. கேக் அச்சும் தூண்டிலும்கூட இரவல் தருகிறார்கள். தூண்டில் பதிவேட்டில் எந்த எண்ணில் ஏறும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். நான் நம்பவில்லை. சில வாரத்தில் ஒரு பல்கலைக்கழக முத்திரையோடு நாவல் வந்து சேர்ந்தது. தபால் செலவுகூட என்னிடம் வாங்கவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்றுதானே அடுத்த கேள்வி? மாநில அரசு ஒரு பங்கு தருகிறது. மீதிக்குச் சொத்து வரியில் தனியாக ஒரு வரி. நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரியையும் வாங்கிக்கொள்கிறார்கள், கட்டுகிறவருக்கே அது தெரியாது. இங்கே சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். தோற்றுவிட்டால் திறந்திருக்கும் நேரம் குறையும், ஆட்கள் குறைவார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு வருடம் சோளம் விலை விழுந்தால் நூலகமும் சேர்ந்து விழ வேண்டுமா? ஆனால் ஓட்டுக் கேட்கிற சாக்கில் நூலகக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார்களே, அது நம்மிடம் இல்லை.

பக்கத்தில் வான் வெர்ட் என்று ஒரு ஊர். அங்கே பிரம்பாக் என்ற வங்கிக்காரர் எழுதி வைத்த உயிலின் பணத்தில், 1901-இல் ஒரு கோட்டை மாதிரிக் கட்டடத்தில் நூலகம் திறந்தார்கள். ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதற்குமான நூலகம் அமெரிக்காவிலேயே அதுதான் முதல் என்கிறார்கள். மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கோம் என்ற நூலகர் 1905-இல் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிப் பண்ணைகளுக்கு அனுப்பினாராம். கறுப்பு வண்டியைப் பார்த்த ஒரு விவசாயி, பிண வண்டி என்று நினைத்து இங்கே வேண்டாம் என்று விரட்டியிருக்கிறார். 1910-இல் சரக்கு ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கிவிட்டது.

இதை நூலகர் அம்மா சொன்னதும் நான் விடுவேனா? மன்னார்குடி மேலவாசலில் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தியதையும், அதைத் தொடங்கிவைக்க நம் நூலகவியலின் தந்தை ரங்கநாதனே வந்ததையும் சொன்னேன். மாட்டுவண்டி என்றதும் அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், படம் இருக்கிறதா என்று நச்சரிக்கிறார். உங்கள் பழைய நூலக மலர்கள் பரண்மேல் இருக்குமே, அதில் அந்த வண்டிப் படம் இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். தம்பியை ஏறச் சொல்லுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்