எங்கள் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்திற்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் எங்கள் குடிநீர்க் குழுவின் பணிவான வணக்கம்.

2007-ஆம் ஆண்டு பெங்களூரு மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 ஊர்களில் ஒன்றில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் குடங்களோடு வரிசையில் நின்ற எங்களுக்கு, அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் பெரிய ஆறுதலாக வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, பல நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படும் தண்ணீர் அது. அந்தத் தண்ணீர் எங்கள் கடைசி வீட்டுக் குழாய்வரை கெடாமல் வந்து சேர்வதற்கும், பயன்படுத்தியபின் ஏரியைக் கெடுக்காமல் வெளியேறுவதற்கும் உழைத்தவர்களுக்கே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, திட்டம் வரைந்து தந்த இளம் பொறியாளர்களுக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வந்தால் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கணக்கிட்டுக் காட்டி, தண்ணீர் கூடும் நாளிலேயே சாக்கடையும் கூடும் என்பதை எங்கள் கூட்டத்தில் பொறுமையாக விளக்கினார்கள். குழாய் பதிக்கும் முன்பே ஒவ்வொரு தெருவிலும் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றிராவிட்டால், இருக்கும் கோளாறு தெரியாமலே புதிய குழாய்க்குப் பணம் செலவழித்திருப்போம்.

அந்தச் சோதனையைத் தோளில் சுமந்தவர்கள் எங்கள் சுய உதவிக்குழுப் பெண்கள். குழாயின் வாயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, சிறிது நேரம் நீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பாட்டிலை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு சோதனையையும் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சிறு பாட்டிலில் ஊற்றிய நீர் ஓரிரு நாளில் கறுத்துவிட்டால் மலக்கிருமி கலந்திருக்கக்கூடும் என்று பொருள். மேல்நிலைத் தொட்டியில் எடுத்த நீர் தெளிவாகவே இருக்க, தெருக்கோடி வீடுகளில் எடுத்த பாட்டில்கள் கறுத்தன. தொட்டியில் இருந்த குளோரினும் அவ்வீடுகளை எட்டும்போது இல்லை. குடிநீரில் மிஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பதை இன்று எங்கள் வீட்டுப் பாட்டிமார்களே சொல்லுவார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு பிளம்பர் அண்ணன். சாக்கடையைக் குறுக்கே கடந்த பழைய இரும்புக் குழாயில் துரு அரித்த ஓட்டைகள் இருந்தன. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, வெளியிலிருந்த சாக்கடை நீரை அது உள்ளே இழுத்திருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது அதுவே முதலில் வந்திருக்கிறது. அவர் சாக்கடைக்குள் கைவிட்டுத் தடவித்தடவி அந்த ஓட்டைகளைக் காட்டியதை நாங்கள் மறக்கமாட்டோம். முறைவைத்துத் தண்ணீர் திறக்கும் வாட்டர்மேனும், நேரம் பார்க்காமல் எங்களுக்காக முதல் நீரைப் பிடித்துத் தந்தார்.

ஆய்வகத்தில் பணிபுரியும் சகோதரிக்குத் தனி நன்றி. பழைய போர்வெல் நீரில், கைக்குழந்தைகளுக்குக் கேடான நைட்ரேட் என்னும் உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்ததைத் தாளில் எழுதித் தந்ததோடு அவர் நிற்கவில்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் சுண்டச்சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும் என்று கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு நேரில் வந்து எடுத்துச்சொன்னார்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திற்கு இடம் தந்த கன்னடக் குடும்பத்தாருக்கும், மனுக்களை நல்ல கன்னடத்தில் எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். படிவுத் தொட்டி, தடுப்புச் சுவர்களுக்கு இடையே மேலும் கீழுமாக நீர் ஏறி இறங்கும் காற்றில்லா அறைகள், கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை என்று மின்சாரமின்றி இயங்கும் வகையில் அது அமைந்திருக்கிறது. கொத்தனார்கள் ஒவ்வொரு அறையையும் நல்ல தண்ணீரால் நிரப்பி, சுவரில் சாக்பீஸால் கோடிட்டு, மறுநாள் மட்டம் இறங்கியிருந்த அறையை மீண்டும் பூசிய பிறகே கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள். வண்டல் எடுக்க மனிதர் எவரும் உள்ளே இறங்க வேண்டியிராதபடி, உறிஞ்சு வண்டியின் குழாய் அடிவரை எட்டுமாறு வரைபடத்திலேயே வழிசெய்த பொறியாளர்களுக்குத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களின் சார்பிலும் நன்றி சொல்கிறோம். எங்களுக்கு அத்திட்டத்திலேயே மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான்.

மாதந்தோறும் சோதனை முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ரேஷன் கடை அருகேயுள்ள பலகையில் எழுதிவரும் மாணவர்களுக்கும் எங்கள் அன்பு. ஜல்லிப் படுகையைக் கடந்து வரும் நீர் செடிகளுக்கு மட்டுமே, கைகால் கழுவக்கூட ஆகாது என்பதையும் அவர்கள் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். காற்றில்லா அறைகளில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நிலைகொள்ளப் பல மாதங்கள் ஆகும் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் அந்த நீரை மறுபடி ஆய்வு செய்ய வருவதாக ஆய்வகச் சகோதரி சொல்லியிருக்கிறார். அதற்கான நன்றியையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் குடிநீர்க் குழுவினர்,
பெங்களூரு